புது இலை போடுங்கள். பந்தியில் இருப்பவரை எழுப்பாதீர்கள்!

கல்யாண வீட்டில் பந்தி நடக்கிறது. எல்லா இலைகளிலும் ஆட்கள் உட்கார்ந்து விட்டார்கள். சாதம் போட்டாகி விட்டது.

அந்த நேரத்தில் புதிதாக ஒரு விருந்தாளி வருகிறார். பட்டு வேட்டி, கை நிறைய மோதிரம்! அவருக்கு இடம் கொடுப்பதற்காக, பாதிச் சாப்பாட்டில் இருக்கும் பழைய உறவினர் ஒருவரைக் கையைப் பிடித்து எழுப்பினால் எப்படி இருக்கும்?

எழுந்தவருக்கு அவமானம். பக்கத்து இலைக்காரருக்குப் பயம். "அடுத்தபடி நம்மை எழுப்புவார்களோ!" என்று அவர் அவசரம் அவசரமாக விழுங்குவார். பந்தியின் மகிழ்ச்சியே போய் விடும்.

இன்டர்நெட் மூலம் பலர் கூடி ஆடும் பெரிய ஆட்டங்களில், இதே தகராறு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது.

கம்பெனிக்காரர்கள் புது வகை வீரர் ஒருவரைக் கொண்டு வருகிறார்கள். அவருக்குப் பலம் அதிகம். உடனே கூட்டாளிகள் அவரைத் தேடிப் போகிறார்கள். பல ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த பழைய வீரரைப் பார்த்து, "உமக்கு இடம் இல்லை" என்று சொல்லி விடுகிறார்கள்.

"வெறும் விளையாட்டுச் சண்டைதானே! இதற்கு இவ்வளவு பேச்சா?" என்று தள்ளி விட முடியாது. மனிதர்கள் செலவிட்ட காலமும் காசும் அதில் இருக்கின்றன. நண்பர்கள் கூடி இருக்கும் இடமும் அதுதான். அதை விட்டுத் துரத்தினால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும்.

அது என்ன ஆட்டம்?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் இர்வைன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே உள்ள "பிளிசார்டு" என்ற கம்பெனி, 2004-ம் ஆண்டு நவம்பர் மாதம் "வேர்ல்டு ஆப் வார்கிராப்ட்" என்ற ஆட்டத்தை வெளியிட்டது.

சீட்டாட்டம் போல ஒரு மணி நேரத்தில் முடிந்து விடும் ஆட்டம் இல்லை இது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பேர், அவரவர் வீட்டில் இருந்தபடியே, ஒரு கற்பனை உலகத்தில் நடமாடுவார்கள். காடு, மலை, கோட்டை, குகை எல்லாம் அங்கே உண்டு. அரக்கர்களும் உண்டு.

ஆடுகிறவர் ஒவ்வொருவரும் தமக்கு என்று ஒரு பாத்திரத்தை உண்டாக்கிக் கொள்வார். வாள் வீரர், வேட்டைக்காரர், மந்திரவாதி, பூசாரி என்று பல வகை. சாதாரணமாக 1-வது படியில் தொடங்க வேண்டும். சண்டை போட்டுப் போட்டுத்தான் மேல் படிக்கு ஏறலாம். நல்ல வாளும் கவசமும் சேர்க்க மாதக் கணக்கில் ஆகும்.

அமெரிக்காவில் இதற்கு மாதச் சந்தா சுமார் 15 டாலர். 2010-ம் ஆண்டு அக்டோபரில், சந்தாதாரர்கள் 1 கோடியே 20 லட்சம் பேர் என்று கம்பெனி அறிவித்தது. ஒரு சிறு நாட்டின் ஜனத்தொகை!

ஐந்தே இலை

குகைக்குள் புகுந்து அரக்கனைக் கொல்ல, 5 பேர் கொண்ட குழு போகும்.

அதில் ஒருவர் முன்னால் நின்று அடியைத் தாங்குவார். அவருக்கு "டேங்க்" என்று பெயர். இன்னொருவர் மற்றவர்களின் காயத்தை ஆற்றுவார். அவர் "ஹீலர்". மீதி 3 பேரும் அரக்கனை அடிப்பவர்கள்.

ஆகவே, அடிப்பவர்களுக்கு 3 இலைதான்.

தொடக்கத்தில் 9 வகைப் பாத்திரங்கள் இருந்தன. ஒவ்வொரு வகையிலும் 3 பிரிவுகள். டாக்டர்களில் கண் டாக்டர், பல் டாக்டர் என்று இருப்பது போல. பூசாரி வகையை எடுத்துக் கொண்டால், காயம் ஆற்றுவதில் தேர்ந்த பூசாரியும் உண்டு. இருட்டு மந்திரத்தால் அடிக்கும் பூசாரியும் உண்டு.

9 வகை, 27 பிரிவு என்று தொடங்கிய ஆட்டம், 2023-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் 13 வகை, 39 பிரிவு என்று வளர்ந்து விட்டது. ஆனால் குகைக்குப் போகும் குழு வளரவில்லை. அன்றும் 5 பேர். இன்றும் 5 பேர்.

விருந்தாளிகள் பெருகுகிறார்கள். இலை பெருகவில்லை. தகராறுக்கு மூல காரணம் இதுதான்.

புதுசு எதற்கு?

"இருக்கிற வகைகளே போதுமே! புதுசு எதற்கு?" என்று கேட்கலாம்.

காரணம் இருக்கிறது. ஓர் ஆட்டம் இருபது ஆண்டு ஓட வேண்டுமானால், அவ்வப்போது புதுமை வேண்டும். சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, கம்பெனி ஒரு புதுப் பகுதியை விற்பனைக்குக் கொண்டு வருகிறது. புது நாடு, புது அரக்கர்கள். கூடவே ஒரு புது வகை வீரரும் வந்தால், விளம்பரத்தில் அவர் படம்தான் முன்னால் நிற்கும்!

ஆடுகிறவர்களுக்கும் ஆசை உண்டு. பத்து ஆண்டாக வாள் சுழற்றிய கை, வேறு எதையாவது எடுத்துப் பார்க்கத் துடிக்கும். அதைக் குற்றம் சொல்லக் கூடாது.

சிக்கல் அளவில்தான் இருக்கிறது. புது வீரர் பலவீனமாக இருந்தால், யாரும் அவரைத் தொட மாட்டார்கள். கம்பெனியின் உழைப்பு வீண். மிதமிஞ்சிய பலத்தோடு வந்தால், எல்லாரும் அவரிடமே ஓடுவார்கள். பழைய ஆட்டக்காரரின் உழைப்பு வீண்.

தராசு முள்ளை நடுவில் நிறுத்துவது லேசான காரியம் இல்லை. வெளியிடுவதற்கு முன்பு சோதனை ஆட்டம் நடத்தத்தான் செய்கிறார்கள். ஆனால் சோதனையில் ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர். வெளிவந்த மறுநாள் ஆடுகிறவர்கள் லட்சக்கணக்கான பேர்! அத்தனை மூளைகளும் சேர்ந்து ஒரே வாரத்தில் கண்டுபிடிக்கும் குறுக்கு வழிகள், ஆபீசில் இருப்பவர்களுக்கு வருடக் கணக்கில் யோசித்தாலும் தோன்றாது.

மரண வீரன் வந்தான்!

2008-ம் ஆண்டு நவம்பரில், அந்த ஆட்டத்தில் முதன் முதலாக ஒரு புது வகை சேர்ந்தது. அதன் பெயர் "டெத் நைட்". மரண வீரன் என்று தமிழில் சொல்லலாம்.

மற்றவர்கள் எல்லாரும் 1-வது படியில் தொடங்கினார்கள். மரண வீரனோ 55-வது படியில் தொடங்கினான். அப்போது ஆட்டத்தின் உச்சம் 80-வது படி. பாதி மலை ஏறிய பிறகு பிறந்தவன் என்று சொல்ல வேண்டும்! ஏற்கனவே ஒரு பாத்திரத்தை 55-வது படி வரை வளர்த்தவர்கள்தான் அவனை எடுக்கலாம் என்ற நிபந்தனை மட்டும் இருந்தது.

உடம்பு முழுவதும் கனத்த கவசம். எதிரியை அடித்துத் தன் காயத்தை ஆற்றிக் கொள்ளும் சக்தி. எதிரியின் மந்திரத்தைத் தடுக்கும் திரை. அவனுக்கு இருந்த 3 பிரிவுகளில் எதை எடுத்தாலும், அடி தாங்கவும் செய்யலாம்; அடிக்கவும் செய்யலாம்.

கேட்க வேண்டுமா? எங்கே பார்த்தாலும் மரண வீரர்கள்! ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும் பந்தயங்களில், அவனைச் சமாளிப்பது பெரும்பாடாக இருந்தது. பழைய வாள் வீரர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு அவனுடைய பலத்தைக் கம்பெனி பல தடவை குறைத்தது. 2010-ம் ஆண்டில் வந்த புதுப் பகுதியில், அடி தாங்கும் வேலை 3 பிரிவுகளில் ஒன்றுக்கு மட்டும் என்று ஒதுக்கி விட்டார்கள்.

அது சரியான முடிவு. ஒரே ஆளுக்கு எல்லா வேலையும் தெரிந்தால், மற்றவர்களை யார் கூப்பிடுவார்கள்?

2012-ம் ஆண்டில் வந்த "மாங்க்" என்ற துறவி வகை, மற்றவர்களைப் போல 1-வது படியில்தான் தொடங்கியது. புதியவரும் கீழே இருந்து ஏறி வரலாம் என்பதற்கு அது ஒரு உதாரணம்.

சாவி ஒருவர் கையில்

பலத்தை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது தனி உரிமை.

அந்த ஆட்டத்தில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. "ஷாமன்" என்ற வகை தொடக்கத்தில் ஒரு கட்சிக்கு மட்டும் இருந்தது. "பாலடின்" என்ற வகை மறு கட்சிக்கு மட்டும் இருந்தது. "அவர்களுக்கு உண்டு, எங்களுக்கு இல்லையா?" என்று இரு பக்கமும் சண்டை. 2007-ம் ஆண்டு ஜனவரியில், இரண்டு வகைகளையும் இரண்டு கட்சிகளுக்கும் பொதுவாக்கினார்கள்.

ஒரு சண்டை தீர்ந்தது. மற்றொன்று முளைத்தது.

ஷாமனிடம் ஒரு விசேஷ சக்தி இருந்தது. அதைப் பயன்படுத்தினால், கூட இருப்பவர்களின் வேகம் 40 விநாடிகளுக்கு 30 சதவீதம் கூடும். பெரிய அரக்கனோடு மோதும்போது, இந்த 40 விநாடிகளில் வெற்றி தோல்வி முடிவாகி விடும். வேறு எந்த வகைக்கும் இந்தச் சக்தி கிடையாது.

ஆகவே, பெரிய போருக்குப் போகிறவர்கள் முதலில் ஷாமனைத் தேடினார்கள். அவர் ஆட்டத்தில் கெட்டிக்காரரா என்ற கேள்வியே இரண்டாவதுதான்!

2010-ம் ஆண்டில் இதற்கு வழி பிறந்தது. மந்திரவாதிக்கும் அதே சக்தியைக் கொடுத்தார்கள். வேட்டைக்காரர் வளர்க்கும் ஒரு வகை மிருகத்துக்கும் கொடுத்தார்கள். ஷாமனிடம் இருந்து எதையும் பிடுங்கவில்லை. சாவியை இன்னும் இரண்டு பேரிடம் கொடுத்தார்கள். அவ்வளவுதான். கட்டாயம் தளர்ந்தது.

ஊருக்கு ஒரே கிணறு இருந்தால், கிணற்றுக்காரர் வைத்ததுதான் சட்டம். இரண்டாவது கிணறு வெட்டினால், முதல் கிணற்றுத் தண்ணீர் குறைந்தா போய்விடும்?

பலம் ஏற்றும் புது ஆசாமி

இந்தப் பாடம் நன்றாகப் படிந்திருந்தால், 2023-ம் ஆண்டில் அவ்வளவு கூச்சல் எழுந்திராது.

2022-ம் ஆண்டு நவம்பரில், "எவோக்கர்" என்ற புது வகை வந்தது. டிராகன் உருவமும் மனித உருவமும் எடுக்கக் கூடியவர் இவர். முதலில் 2 பிரிவுகள். ஒன்று அடிப்பதற்கு, மற்றொன்று காயம் ஆற்றுவதற்கு. 2023-ம் ஆண்டு ஜூலையில், மூன்றாவதாக ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன் பெயர் "ஆக்மென்டேஷன்". கூட்டிக் கொடுப்பது என்று பொருள்.

இவர் தாமும் அடிப்பார். ஆனால் இவருடைய முக்கிய வேலை, கூட்டாளிகளில் நாலு பேர் வரை பலத்தை ஏற்றி விடுவது. அதையே தொழிலாகக் கொண்ட பிரிவு அந்த ஆட்டத்தில் அதற்கு முன்பு கிடையாது. அருமையான கற்பனை. அதில் சந்தேகம் இல்லை.

ஆனால், குகைக்குப் போவது 5 பேர். இவரை நீக்கினால் மீதி 4 பேர். அளவெடுத்துத் தைத்த சட்டை போல ஆகி விட்டது!

மிகக் கடினமான குகைகளில் இறங்கும் முன்னணிக் குழுக்கள், இவர் இல்லாமல் நகர மறுத்தன. அடிப்பவர்களுக்கு இருந்த 3 இலைகளில் ஒன்று, இவருக்கு நிரந்தரம் என்று ஆயிற்று.

அடிக்கும் பிரிவுகள் அப்போது மொத்தம் 26. இவரைக் கழித்தால் 25. அந்த 25 பிரிவுக்காரர்களும் மீதி 2 இலைக்கு முண்டியடிக்க வேண்டியதாயிற்று.

கணக்கிலும் குழப்பம் வந்தது. இவர் ஏற்றிய பலத்தால் விழுந்த அடி, அடித்தவர் பெயரில் பதிவாயிற்று. உழைத்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் வேறு ஒருவர்! யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தனி முறையே தேவைப்பட்டது.

கம்பெனி இவருடைய பலத்தை வெட்டியது. மறுபடியும் வெட்டியது. ஆனாலும் தராசு முள் நடுவில் நிற்கவில்லை. ஏன்?

ஒரு சின்னக் கணக்கு

இதைப் புரிந்து கொள்ள, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காகச் சொல்லப்பட்டவை.

அடிப்பவர் 3 பேர். ஒவ்வொருவர் அடிக்கும் பலம் 100. மொத்தம் 300.

மூன்றாவது ஆளை எடுத்து விட்டு, பலம் ஏற்றுபவரைச் சேருங்கள். அவருடைய சொந்த அடி 60. மற்ற இருவரின் பலத்தை 20 சதவீதம் ஏற்றுவார். 100 என்பது 120 ஆகும். 120-ம் 120-ம் 60-ம் சேர்ந்தால், அதே 300. தராசு சரியாக நிற்கிறது!

இப்போது, முதல் இருவரும் சூரர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆளுக்கு 200. மூன்றாவது இடத்தில் 100 அடிக்கும் பழைய வீரர் இருந்தால், மொத்தம் 500. பலம் ஏற்றுபவர் இருந்தால், 240-ம் 240-ம் 60-ம் சேர்ந்து 540. பழைய வீரர் தோற்றார்.

அந்த இருவரும் புதிதாக ஆடப் பழகுகிறவர்கள் என்றால்? ஆளுக்கு 50. பழைய வீரர் இருந்தால், மொத்தம் 200. பலம் ஏற்றுபவர் இருந்தால், 60-ம் 60-ம் 60-ம் சேர்ந்து 180. இங்கே தோற்றவர் புதியவர்!

ஒரே ஆசாமி, சூரர்கள் நடுவில் இருந்தால் பேரரசர். கற்றுக்குட்டிகள் நடுவில் இருந்தால் பாரம். 20 பேர் போகும் பெரிய போரில், அவர் ஏற்றி விடுவது 4 பேரைத்தான். அங்கே கணக்கு இன்னும் வேறு.

சூரர்களின் கூச்சலுக்காக அவரை வெட்டினால், ஆபீசில் இருந்து வந்து அரை மணி நேரம் ஆடும் சாதாரண மனிதருக்குத்தான் முதல் அடி விழும். முள் நடுவில் நிற்காததன் ரகசியம் இதுதான். எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. சக்தியின் தன்மையையே பார்க்க வேண்டும்.

காசு கொடுத்தவருக்கே பலமா?

"கில்டு வார்ஸ் 2" என்று இன்னோர் ஆட்டம் இருக்கிறது. 2012-ம் ஆண்டு ஆகஸ்டில் வந்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள "அரீனாநெட்" என்ற கம்பெனி தயாரித்தது. இதற்கு மாதச் சந்தா கிடையாது. உச்சப் படியும் 80-ஐத் தாண்டி உயர்த்தப்படவில்லை. பாடுபட்டுச் சேர்த்த கவசம் பழசாகிப் போகாது என்பது இதன் பெருமை.

2015-ம் ஆண்டு அக்டோபரில் வந்த புதுப் பகுதியில், 9 வகைகளுக்கும் ஆளுக்கு ஒரு சிறப்புப் பிரிவு கொடுத்தார்கள். அதைப் பெறப் புதுப் பகுதியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

இங்கேயும் அதே கதை. மாயக்கலை வகையில் வந்த "குரோனோமான்சர்" என்ற சிறப்புப் பிரிவிடம், கூட்டாளிகளின் சக்திகள் சீக்கிரம் திரும்பத் தயாராகும்படி செய்யும் வித்தை இருந்தது. வேறு யாரிடமும் அது இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் 10 பேர் போகும் பெரிய போர்கள் தொடங்கியபோது, குரோனோமான்சர் இல்லாமல் குழு புறப்படுவது அரிதாயிற்று.

2017-ம் ஆண்டில் வந்த அடுத்த புதுப் பகுதியில், அந்த வித்தை வேறு வகைக்கும் கிடைத்தது. பிறகு வந்த ஆண்டுகளில் மேலும் பல வகைகளுக்குப் பரவியது. இங்கேயும் இரண்டாவது கிணறு, மூன்றாவது கிணறு வெட்டிய பிறகுதான் தாகம் தீர்ந்தது.

ஒரு குறை மட்டும் பேச்சில் இருந்து கொண்டே இருந்தது. புதுப் பகுதியை வாங்காதவர்களுக்குப் பழைய பிரிவுகள்தான். சிறப்புப் பிரிவுகள் பழைய பிரிவுகளை மிஞ்சி நின்றன. பந்தியில் காசு கொடுத்தவருக்கு வடை பாயசம், மற்றவருக்கு வெறும் ரசமா என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

மறு பக்கம்

எல்லாருக்கும் எல்லாம் கொடுத்து விட்டால், தகராறு தீர்ந்து விடுமா?

தீராது. கூட்டு, பொரியல், அவியல் மூன்றுக்கும் ஒரே ருசி இருந்தால், மூன்று பாத்திரம் எதற்கு? பூசாரியும் மந்திரவாதியும் ஒரே வேலையைச் செய்தால், பெயரிலும் உடையிலும் மட்டும் வித்தியாசம் இருந்து என்ன பிரயோஜனம்?

பிளிசார்டு கம்பெனியே இதை அனுபவித்துப் பார்த்தது. வகையைப் பார்த்து அழைக்க வேண்டாம்; ஆளைப் பார்த்து அழையுங்கள் என்ற கொள்கையை, 2008-ம் ஆண்டு வாக்கில் அது கடைப்பிடித்தது. பல உதவிச் சக்திகளைப் பல வகைகளுக்கும் பொதுவாக்கியது. யாரையும் கட்டாயம் அழைக்க வேண்டியது இல்லை என்ற நிம்மதி வந்தது. ஆனால், "எங்கள் வகைக்கு என்று தனிப் பெருமை எதுவும் இல்லையே!" என்ற ஏக்கமும் வந்தது.

2018-ம் ஆண்டில் கம்பெனி கொஞ்சம் திரும்பி வந்தது. மந்திரவாதிக்கு அறிவைக் கூட்டும் மந்திரம், வாள் வீரருக்குப் பலத்தைக் கூட்டும் போர் முழக்கம், பூசாரிக்கு உடல் வலிமையைக் கூட்டும் ஆசி என்று, குழு முழுவதற்கும் உதவும் தனிச் சக்திகளை மறுபடியும் கொடுத்தது.

இரண்டு கரைகளையும் தொட்டுப் பார்த்த பிறகு தெரிவது என்ன? தனிச் சிறப்பு வேண்டும். அது இருந்தால் நல்லது என்ற அளவில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கதி இல்லை என்ற அளவுக்குப் போகக் கூடாது.

வெட்டுகிற கை

பலத்தைக் குறைப்பதற்கு ஆட்டக்காரர்கள் "நெர்ப்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே பலருக்கு வயிற்றைக் கலக்கும்!

புதிதாக வந்தவரை ஓங்கி வெட்ட வேண்டும் என்று பழைய ஆட்டக்காரர்கள் கோபத்தில் கேட்கிறார்கள். அதுவும் நியாயம் இல்லை. புதுப் பிரிவை எடுத்தவர்கள் எல்லாரும் பலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்ல. அந்த டிராகன் உருவம் பிடித்து வந்தவர் இருப்பார். நண்பர்களுக்கு உதவும் வேலை பிடித்து வந்தவர் இருப்பார். சந்தா கட்டி, இரவு பகலாக உழைத்து வளர்த்தவர்தான் அவரும்.

முதல் மாதம் உப்பை அள்ளிப் போட்டு, அடுத்த மாதம் உப்பே இல்லாமல் பரிமாறினால், அது சமையல் ஆகாது. முதலில் எக்கச்சக்கமான பலம், பிறகு எழுந்திருக்க முடியாத வெட்டு என்றால், பழையவரும் கெட்டார், புதியவரும் கெட்டார்.

என்ன செய்யலாம்?

ஆட்டங்களைத் தயாரிப்பவர்கள் நாலு விஷயங்களை மனதில் வைத்தால், பாதித் தகராறு குறையும்.

முதலாவது, புதுப் பிரிவு நடுத்தரப் பலத்தோடு வர வேண்டும். அதன் கவர்ச்சி, ஆடும் முறையில் இருக்கட்டும். குறைவாக இருந்தால் பிறகு கொஞ்சம் கூட்டலாம். கூட்டினால் யாரும் அழ மாட்டார்கள்.

இரண்டாவது, குழுவுக்கு இன்றியமையாத சக்தி எதுவாக இருந்தாலும், அது குறைந்தது மூன்று வகைகளிடமாவது இருக்க வேண்டும். புதுப் பிரிவோடு புதுச் சக்தி வந்தால், அதே நாளில் பழைய வகைகளில் இரண்டுக்காவது அதற்கு ஈடான ஒன்றைக் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டு கழித்துக் கொடுத்தால், அதற்குள் போகிறவர்கள் போய் விடுவார்கள்.

மூன்றாவது, முன்னணிச் சூரர்களின் கணக்கை மட்டும் பார்த்து வெட்டக் கூடாது. பத்தில் ஒன்பது பேர் சாதாரணமாக ஆடுகிறவர்களாக இருக்கும் இடத்தில், அந்த ஒன்பது பேரின் கதியையும் பார்க்க வேண்டும்.

நாலாவது, வெட்டினால் சிறுகச் சிறுக வெட்ட வேண்டும். ஏன் வெட்டுகிறோம் என்று காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தால் மனிதர்கள் பொறுத்துக் கொள்வார்கள்.

ஆடுகிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. உலகத்திலேயே மிகக் கடினமான குகைக்குப் போகும் ஐந்து பேர், ஒரு குறிப்பிட்ட வகையைத்தான் சேர்ப்பார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு விநாடியும் முக்கியம். ஆனால், சாதாரணக் குகைக்குப் போகும் குழுவும் அதைப் பார்த்து, "அந்த வகை இருந்தால்தான் வருவோம்" என்று சொல்கிறதே, அது பாவம். எந்த வகையைச் சேர்த்தாலும் முடிக்கக் கூடிய குகைதான் அது! அங்கே ஒருவரை நிராகரிப்பது அவசியம் இல்லை. வெறும் வறட்டுக் கௌரவம்.

முகம் தொங்கிய பையன்

இந்த ஆட்டங்கள் நடக்கும் வீடுகளில், ஒருநாள் இரவு பையன் முகத்தைத் தொங்கப் போட்டபடி கம்ப்யூட்டரை மூடி விட்டுச் சாப்பிட வருவான். "என்னடா?" என்று கேட்டால், "ஒன்றும் இல்லை" என்பான். அரை மணி நேரம் ஒவ்வொரு குழுவாகக் கேட்டு இருப்பான். ஒருவரும் சேர்த்துக் கொண்டு இருக்க மாட்டார்கள். அவன் திறமையில் குறை இல்லை. மூன்று ஆண்டு ஆசையோடு வளர்த்த வீரன். அந்த மாதம் அது பழைய வகை. அவ்வளவுதான்.

அவனைத் திட்டாமல், ஒரு வாய் சோறு கூடப் போடுங்கள்.

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று பழமொழி சொல்வார்கள். இந்த ஆட்டங்களில் படையும் பந்தியும் ஒன்றுதான். அடி வாங்குவதற்குத்தான் அத்தனை பேரும் இடம் கேட்டு நிற்கிறார்கள்! அப்படி ஆசையோடு வந்து நிற்பவர்களில், பழையவர் என்பதற்காக ஒருவரை விரட்டுவதும் தவறு. புதியவர் என்பதற்காக ஒருவருக்கு இரண்டு இலை போடுவதும் தவறு.

புது விருந்தாளி வரட்டும். வாசலில் சந்தனம் கொடுத்து வரவேற்கட்டும். அவருக்கு உட்கார இடமும் கிடைக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் நகர்ந்து கொண்டால் போதும். எழுந்து போகத் தேவை இல்லை.